மூலப் பத்திரத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கிணறு

எங்கள் வீட்டின் மூலப் பத்திரத்தில், நான்காம் பக்கத்தில், சொத்து விவரத்தின் கீழ் இப்படி ஒரு வரி இருக்கிறது: "மேற்படி பூமியிலுள்ள கிணற்றில் சரிபாதி பாகமும், அதில் பொருத்தியுள்ள 5 எச்.பி. மின்மோட்டாரும், சர்வீஸ் மின் இணைப்பும், மாமூல் தட பாத்தியமும் உள்பட." 2022 பிப்ரவரியில், கோவைக்குக் கிழக்கே சூலூர் வட்டாரத்தில், 2014-இல் கட்டிய தனி வீடு ஒன்றை 58 லட்சம் ரூபாய்க்கு வாங்குவதற்கு முன்னால், அந்தப் பத்திரத்தை நான், என் கணவர், எங்கள் வழக்கறிஞர், வங்கியின் சட்ட ஆலோசகர் என நான்கு பேர் படித்தோம். நால்வரும் அந்த வரியைப் பார்த்தோம்; கிணற்றுப் பாத்தியத்தில் வில்லங்கம் எதுவும் இல்லை என்று தெளிந்து பக்கத்தைப் புரட்டினோம். அந்தக் கிணறு இப்போது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எங்கள் பூஜை அறைக்கு அடியில் இருந்தது.

வீட்டை நாங்கள் முதலில் பார்த்தது ஜனவரி மாதத்தில். வடகிழக்குப் பருவமழை முடிந்து மண் இன்னும் ஈரம் காத்துக்கொண்டிருந்த நேரம். வெளிச்சுவரும் உட்சுவரும் பட்டி பார்த்துப் புதிதாக வண்ணம் பூசப்பட்டிருந்தன. எட்டு ஆண்டுப் பழைய வீட்டுக்கு இவ்வளவு அக்கறையா என்று வியந்தோமே தவிர, விற்கப்போகும் வீட்டுக்கு ஒருவர் ஏன் இவ்வளவு செலவு செய்கிறார் என்று யோசிக்கவில்லை. ஒரு ஜன்னலின் மூலையிலிருந்து லிண்டலை நோக்கிச் சாய்வாக ஏறிய மெல்லிய கோட்டை என் கணவர் கவனித்துக் கேட்டார். தரகர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க, இது பூச்சு வெடிப்புங்க, வெயிலுக்கு எல்லா வீட்லயும் வாரதுதானுங்க" என்றார். ஜனவரி மாதத்தில் எந்த வெயில் என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

வாஸ்து பார்ப்பவர் ஒருவரை மட்டும் மறக்காமல் அழைத்துப்போனோம். தண்ணீர்த் தொட்டி ஈசானிய மூலையில் தரைக்கடியில் அமைந்திருப்பதையும், அதை ஒட்டியே பூஜை அறை இருப்பதையும் கண்டு அவர் மகிழ்ந்து, தட்சணையாக 3,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். அவர் சாத்திரப்படி அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த மூலையில் முன்பே தண்ணீர் இருந்தது என்பதுதான் அவருக்கும் தெரியாது. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து இருபது நிமிடம் சுற்றிப் பார்த்து, நீள அகலம் அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனார். வங்கியே கடன் கொடுக்கிறது என்றால் கட்டடம் திடமாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நம்பிய நம்பிக்கை முழுவதும் அந்த இருபது நிமிடத்தின் மேல் நின்றது. கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதே அவருடைய கேள்வி. நிலத்தின் மதிப்பே கடனில் பெரும்பகுதியைத் தாங்கும்போது, கடைக்காலைக் குறித்து வங்கி கவலைப்படக் காரணம் குறைவு.

குடியேறிய மூன்றாம் மாதம், மே மாதத்தில், பூஜை அறைக் கதவு நிலையில் முட்டத் தொடங்கியது. தச்சர் வந்து அடிப்பக்கத்தை இழைத்துக் கொடுத்தார். மறுமாதம் மறுபடியும் முட்டியது. கூடத்துத் தரையில் என் மகன் விட்ட கோலிக்குண்டு, எங்கே விட்டாலும் ஈசானிய மூலைக்கே உருண்டு போனது. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. தரைக்கும் சுவரடிப் பட்டைக்கும் இடையில் ஒரு விரல்நுனி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. சாய்வுக் கோடு இருந்த சுவரில் வண்ணம் உப்பிக்கொண்டு வந்ததால் பெயின்டர் அதைச் சுரண்டியபோது, உள்ளே கோழி வலை தெரிந்தது. விரிசலின் மேல் கோழி வலையை ஆணியடித்து, அதன் மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்திருந்தார்கள். முந்தைய உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். "நாங்க இருந்த வரைக்கும் ஒண்ணுமில்லீங்க, நீங்க போர் போட்டீங்களா?" என்று எங்களையே கேட்டார். நாங்கள் போர் போடவில்லை.

கிணற்றின் செய்தி எங்களுக்கு ஒரு பாட்டியின் வாயால் வந்தது. எதிர்த் தெருவில் ஆடு மேய்ப்பவர். அந்தப் பூமி காடாக, அதாவது விளைநிலமாக, இருந்த நாளில் அங்கே கூலிக்குக் களை எடுத்தவர். ஒருநாள் வாசலில் நின்று, "ஏனம்மிணி, அந்த மூலையிலதான கெணறு இருந்துது, அதுக்கு மேலயா ஊடு கட்டுனாங்க?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார். அன்றிரவுதான் மூலப் பத்திரத்தை மறுபடி எடுத்து நான்காம் பக்கத்தைப் படித்தேன். மறுநாள் கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தபோது, 2008-ஆம் ஆண்டுப் படத்தில், இப்போது எங்கள் வீட்டு மூலை இருக்கும் இடத்தில், ஒரு கருஞ்சதுரம் தெளிவாகத் தெரிந்தது. நிலஅளவை வரைபடமான புலப்படத்தில் அதே இடத்தில் கிணற்றுக் குறி இருந்தது. பத்திரம், புலப்படம், செயற்கைக்கோள் படம் ஆகிய மூன்றும் வாங்குவதற்கு முன்பே எங்கள் கைக்கு எட்டும் தொலைவில் இருந்தவை.

அதன் பிறகே கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்தோம். ஆய்வுக் கட்டணம் 12,000 ரூபாய். இரண்டு இடத்தில் துளையிட்டு மண் பரிசோதனை செய்ய மேலும் 34,000 ரூபாய். அவர் டியூப் மட்டம் பிடித்துப் பார்த்ததில், நான்கரை மீட்டர் நீளச் சுவரின் ஒரு முனை மற்ற முனையைவிட 28 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நீளத்தில் முந்நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறக்கம் வித்தியாசப்பட்டால் சுவர்கள் விரியத் தொடங்கும் என்றும், நூற்றைம்பதில் ஒரு பங்கு என்றால் கட்டமைப்பே பழுதுபடும் நிலை என்றும் விளக்கினார். எங்கள் கணக்கு நூற்றறுபதில் ஒரு பங்கு. விரிசலின் அகலம் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பூச்சு வேலையோடு முடியும் என்றும், அதைத் தாண்டி, கதவு ஜன்னல்களும் முட்டத் தொடங்கினால் கடைக்காலைப் பார்க்காமல் பூசக்கூடாது என்றும் சொன்னார். எங்கள் சுவரில் அவர் அளந்தது ஒன்பது மில்லிமீட்டர்.

அவர் பிரித்துச் சொன்ன ஒன்றைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாக எழுத விரும்புகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரு நோயன்று, இரண்டு. முதலாவது கரிசல் மண். அது நீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும்; கோடையில் கரிசல் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதை நம் ஊர்க்காரர் எல்லோரும் பார்த்திருப்போம். இதற்குத்தான் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடியில் குடை விரிந்ததுபோல் குமிழ் கொண்ட அண்டர் ரீம்டு பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) முறையைப் பரப்பியது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல் மண்ணைத் தாண்டி, சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில் அந்தக் குமிழ்கள் ஊன்றிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கோ நாலடி அஸ்திவாரப் பள்ளம் தோண்டிக் கருங்கல் கட்டு மட்டும் போட்டிருந்தார்கள். இதனால் வரும் விரிசல் கோடையில் விரியும், மழையில் மூடும். ஜனவரியில் பார்த்த எங்களுக்கு அது மூடியே தெரிந்தது.

இரண்டாவது, மூடிய கிணறு. லேஅவுட் போடும்போது, எண்பதடி ஆழக் கிணற்றைக் கட்டட இடிபாடும் கிராவலும் கையில் கிடைத்த குப்பையும் கொட்டி நிரப்பியிருந்தார்கள். அடுக்கடுக்காக அமுக்காமல் கொட்டிய நிரப்பல் தன் எடையாலேயே ஆண்டுக்கணக்கில் அமுங்கும். அதற்குள் தண்ணீர் இறங்கினால் திடீரென்றும் இறங்கும். எங்கள் ஈசானியத் தொட்டியின் அடித்தளத்தில் கசிவு இருந்தது. அதாவது, வாஸ்து விரும்பிய இடத்தில் வைத்த தொட்டி, அந்த நிரப்பலுக்கு இரவும் பகலும் நீர் ஊட்டிக்கொண்டிருந்தது. இந்த விரிசல் மழை, வெயில் என்று பார்த்து மூடித் திறப்பதில்லை. ஒரே திசையில் வளரும்.

இந்த வேறுபாடு பணத்திலும் இருக்கிறது. நாங்கள் கொடுத்த 58 லட்சத்தில் நாலு சென்ட் நிலத்தின் விலை சுமார் 36 லட்சம். கட்டடத்துக்கு 22 லட்சம். கரிசல் மட்டுமே குறை என்றால் பழுதுபட்டது கட்டடம். மிக மோசமான நிலையிலும் அதை இடித்துவிட்டு முறையான பைல் போட்டு மறுபடி கட்டலாம், நிலத்தின் மதிப்பு அப்படியே நிற்கும். கிணறு நிலத்திலேயே இருக்கும் குறை. இடித்தாலும் அது அங்கேயே இருக்கும். அடுத்துக் கட்டுபவரும் அதற்காகச் செலவு செய்தாக வேண்டும். எனவே அடித்தளக் குறையுள்ள வீட்டைத் தெரிந்தே வாங்க நினைப்பவர், குறை கட்டடத்தினுடையதா, மண்ணினுடையதா, மண்ணுக்குள் மனிதர் செய்த வேலையினுடையதா என்று முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. எங்கள் பொறியாளர், கிணற்றின் வாயைத் தாண்டி இருபுறமும் பைல் இறக்கி, அதன் மேல் பீம் கொடுத்து அந்த மூலையைத் தாங்கவைக்க 13.5 லட்சம் மதிப்பிட்டார். மண்ணுக்கடியில் செய்யும் வேலையில் மதிப்பீடு நிற்காது, பாதியளவு கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வேலை நடக்கும் மாதங்களுக்கு வாடகை வீடு, பிறகு விற்கும்போது குறையும் விலை எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 25 லட்சம். அந்தத் தொகையைக் குறைத்துத் தர விற்பவர் சம்மதித்திருந்தால் இந்த வீட்டை வாங்கியது பெரிய பிழையாகாது. முழு விலையும் கொடுத்து வாங்கியதுதான் பிழை.

காப்பீடு கைகொடுக்கும் என்று எண்ணிப் பாலிசியைப் படித்துப் பார்த்தேன். 2021 முதல் நடைமுறையிலுள்ள பாரத் கிரக ரக்ஷா என்னும் பொதுவான வீட்டுப் பாலிசியில் நிலம் அமிழ்வதற்குக் காப்பு உண்டு. ஆனால் நிரப்பிய நிலம் அமுங்குவதும், குறைபாடான வடிவமைப்பும் வேலைத்தரமும் அதற்கு விலக்கு. எங்கள் வழக்கு இரண்டு விலக்கிலும் கச்சிதமாகப் பொருந்தியது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டத்தில், ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால் கட்டுநர் 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. தன் இடத்தில் தானே வீடு கட்டி, எட்டாண்டு வாழ்ந்து விற்பவர் அந்த வளையத்துக்குள் வருவதில்லை. எங்களுக்கு மிஞ்சியது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத, ஆனால் விற்பவருக்குத் தெரிந்த முக்கியக் குறையை அவர் சொல்லக் கடமைப்பட்டவர் என்கிறது அது. "தெரிந்த" என்ற சொல்லை நிரூபிக்கும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. கோழி வலை வைத்துப் பூசிய மேஸ்திரியைப் பல வாரம் தேடிக் கண்டுபிடித்தோம். 2021 டிசம்பரில் அந்த வேலையைச் செய்ததையும், "இது பூசினா நிக்காதுங்க" என்று அப்போதே உரிமையாளரிடம் சொன்னதையும் அவர் ஒப்புக்கொண்டார். எழுதித்தர மட்டும் தயங்கினார். எதிர்த்தரப்பு வக்கீலின் பதிலோ, கிணறு உங்கள் மூலப் பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதே, சாதாரணக் கவனம் இருந்திருந்தால் கண்டிருக்கலாமே என்பதாக இருந்தது. கோபமாக இருந்தாலும், அந்த வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் காடு மனையாகும் இடத்தில் யாராவது வீடு வாங்குவதாகச் சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நான் சொல்வது இவ்வளவே. பழைய பத்திரங்களைப் பாத்தியத்துக்காக ஒருமுறையும், கிணறு, வாய்க்கால், குட்டை, பாறைக்குழி என்ற சொற்களுக்காக இன்னொருமுறையும் படியுங்கள். புலப்படத்தை வாங்கி வீட்டின் எல்லையோடு ஒட்டிப் பாருங்கள். வீட்டை முடிந்தால் மே மாதத்தில் பாருங்கள். முடியாவிட்டால், ஏன் அண்மையில் வண்ணம் பூசினீர்கள் என்று கேளுங்கள். உங்கள் பணத்தில், உங்களுக்காக மட்டும் பேசும் பொறியாளர் ஒருவரை ரசமட்டமும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். நாங்கள் பிறகு கொடுத்த 46,000 ரூபாயை முன்பே கொடுத்திருக்கலாம். கிரய ஒப்பந்தத்தில், ஆய்வில் கட்டமைப்புக் குறை தெரிந்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிப்பவரிடம் ஒப்பந்தம் போடாதீர்கள். அக்கம்பக்கத்தில் வயதானவர் ஒருவரிடம், இந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எங்கள் தெருவில் செலவு ஒரு டம்ளர் காப்பி.

தொட்டியை மேற்குப் பக்கம் மாற்றிவிட்டோம்; வீட்டைச் சுற்றி மழைநீர் இறங்காதபடி தளம் போட்டோம். சுவர் இன்னும் நகர்கிறதா என்று அறிய, விரிசலின் குறுக்கே பொறியாளர் தேதி எழுதி ஒட்டிய மூன்று கண்ணாடித் துண்டுகளில் இரண்டு முழுதாக இருக்கின்றன. மூன்றாவது ஐந்தாம் மாதத்தில் உடைந்தது. வீட்டை விற்றுவிடலாமா என்ற பேச்சும் வீட்டில் உண்டு. இதுவரை இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். இருவரிடமும் நான்காம் பக்கத்தையும், 2008-ஆம் ஆண்டுப் படத்தையும், மண் பரிசோதனை அறிக்கையையும் மேசைமேல் வைத்த பிறகே விலையைச் சொன்னேன். ஒருவர் காப்பியைக் குடித்து முடிக்காமலே கிளம்பினார். இன்னொருவர் அறிக்கையை நகல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். 33 லட்சத்துக்குக் கேட்கிறார்.