அத்தை கொண்டுபோன ஒரு பாட்டில் தண்ணீர்

சிங்கப்பூரிலிருந்து மூன்று வார விடுப்பில் பென்னாகரம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, தருமபுரியில் ஒரு பள்ளி வளாகத்தில் அறிவியல் விழா நடப்பதைச் சுவரொட்டியில் பார்த்து, அத்தையையும் அழைத்துக்கொண்டு போனேன். வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தால் இலவசமாகச் சோதித்துத் தருவார்கள் என்று அதில் இருந்ததால், அத்தை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். காலைச் சொற்பொழிவு வேறு அரங்குக்கு மாற்றப்பட்டதை யாரும் அறிவிக்காததால் முக்கால் மணி நேரம் வீணாகக் காத்திருந்தோம். கோளரங்கக் கூடாரத்தின் முன் வெயிலில் நீண்ட வரிசை நின்றது. ஒரு பந்தல்கூட இல்லை. நாங்கள் உள்ளே போகவில்லை.

சொற்பொழிவு மயிலாடும்பாறையைப் பற்றியது. கிருஷ்ணகிரி மாவட்டத்து அந்த ஊரில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. இரும்பு கிடந்த மண்ணடுக்கின் கரிமப் பொருளைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் முறையை, அதிலுள்ள கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் கணக்கோடு பேச்சாளர் நல்ல தமிழில் விளக்கினார். ஆனால் திரையில் ஓடியவை முழுக்க ஆங்கிலம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களோ தமிழ்வழி மாணவர்கள்.

தண்ணீர்ச் சோதனை மேசைக்கு மட்டுமே இன்னொரு முறை போயிருப்பேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி அத்தையின் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சிர்க்கோனியமும் சாயமும் சேர்ந்த கரைசலைச் சில துளிகள் விட்டாள். தண்ணீரிலுள்ள ஃபுளூரைடு சிர்க்கோனியத்தைப் பிடித்துக்கொள்வதால் சாயம் விடுபட்டு நிறம் மாறுகிறது. இளஞ்சிவப்பாக இருந்த குழாய் எங்கள் கண்ணெதிரே மஞ்சளாகியது. நிற அட்டையோடு ஒப்பிட்டு, லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாது என்றாள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 1.5 மில்லிகிராம்.

"நாங்க நல்லாக் கொதிக்க வெச்சுத்தானே குடிக்கிறோம்?" என்றார் அத்தை.

"கொதிக்க வெச்சா கிருமிதான் சாகும் பாட்டி. தண்ணி சுண்டச் சுண்ட ஃபுளூரைடு இன்னும் கூடும்" என்று அவள் பொறுமையாகச் சொன்னாள்.

எங்கள் மாவட்டத்துப் பாறைக் கனிமங்களிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் இந்த உப்பால்தான் என் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. பால்பல் விழுந்து முளைக்கும் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதிலேயே அது படிந்துவிடும், பிறகு தேய்த்தால் போகாது. நான் குடியிருக்கும் சிங்கப்பூரிலோ பல் சொத்தையாகாமலிருக்கக் குழாய்நீரில் ஃபுளூரைடை அளவாகச் சேர்க்கிறார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் அத்தை வீட்டு வாசலில் இருக்கிறது. ஆனால் போர் தண்ணீர்தான் ருசி என்று சமையலுக்கும் குடிக்கவும் அதையே எடுத்துவந்தார்.

அளவை எழுதிக் கொடுத்த சீட்டை அத்தை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் போர் தண்ணீர்க் குடம் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் போயிருந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு டிரம் வேண்டும் என்று என்னிடம் பணமும் கேட்டார்.