மேலூர்ப் பக்கம் மார்பகப் பரிசோதனை: மதினியோடு போய் வந்தது

இந்தத் தடவை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அம்மாவுக்கு வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிற அக்கா, "முப்பது வயசு தாண்டின பொம்பளைங்க மார்பு, கர்ப்பப்பை வாய் ரெண்டையும் பாத்துக்கங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல காசு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மதினிக்கு 46 வயது. "எனக்குத்தான் வலியே இல்லையே" என்றார். வம்பே அதுதான், மார்பில் வருகிற புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. நானும் கூட வந்து பரிசோதனை செய்துகொள்கிறேன் என்ற பிறகுதான் சேலை மாற்றினார்.

சிங்கப்பூரில் 50 வயதுக்கு மேல் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மேமோகிராம், அதாவது மார்பகத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. இங்கே முதல் கட்டம் கையால்தான். நர்ஸம்மா மதினியைப் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, விரல்களைத் தட்டையாக வைத்து வட்ட வட்டமாக அழுத்திக்கொண்டே அக்குள் வரை வந்தார், காம்பில் நீர் கசிகிறதா, தோல் எங்கேயாவது உள்ளே இழுத்திருக்கிறதா என்றும் பார்த்தார், அவசரமே படவில்லை. ஆனால் அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழாது. வெளியே ஆண்கள் சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நிற்கிறார்கள், நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். பெண்கள் கூச்சப்பட்டு வருவதில்லை என்று குறை சொல்கிறவர்கள் முதலில் ஒரு தாழ்ப்பாள் வாங்கிப் போடலாம்.

எனக்கு ஒன்றுமில்லை. மதினிக்கு இடது பக்கம் ஏதோ தட்டுப்பட, மதுரை பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். நிறையப் பேர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். மாட்டுத்தாவணி போய் பஸ் மாறி கோரிப்பாளையத்தில் இறங்கணும், அன்றைய கூலி போச்சு, துணைக்கு வருகிறவருக்கும் போச்சு. சீட்டு அரிசி டப்பாவுக்குள் போய்விடும். மதினியும், "பொங்கல் கழிச்சுப் பாப்போம்" என்றுதான் ஆரம்பித்தார், நான் விடவில்லை. மேமோகிராமும் ஸ்கேனும் எடுத்ததில் வெறும் நீர்க்கட்டி என்று தெரிந்தது.

போகிறவர்கள் ஆதாரை எடுத்துக்கொள்ளுங்கள். மேமோகிராம் அன்றைக்குப் பவுடர், சென்ட் எதுவும் போட வேண்டாம், படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழுந்து குழப்பும். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் போனால் வலி குறைவு. அப்புறம், முடிந்தால் கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கதவைப் பிடிக்கவாவது ஆகும்.