கிராண்ட்ஓர்க்: மடிக்கணினிக்குள் ஒரு பிரெஞ்சு ஓர்கன்

இலங்கையின் வன்னியில் கத்தோலிக்கப் பூசைக்கு வாசிக்கும் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டுவது எலெக்ட்ரோனிக் கீபோர்ட் ஒன்றுதான். எங்களுக்கு முந்திய தலைமுறையினரிடம் காலால் மிதித்துக் காற்றூட்டும் ஹார்மோனியங்கள் இருந்தன. அவற்றிற் பல போர்க்கால இடப்பெயர்வுகளோடு போய்விட்டன. கீபோர்டில் ‘சேர்ச் ஓர்கன்’ என்றொரு பொத்தான் இருந்தாலும், அதை அழுத்தியதும் வருவது எல்லாக் கட்டைகளிலும் ஒரே முகத்தோடு ஒலிக்கும் ஓசை. குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய ஆலய ஓர்கனைக் கணினியில் வாசிக்க உதவும் கிராண்ட்ஓர்க் என்ற இலவச மென்பொருள் இந்தக் குறையை எவ்வளவு தூரம் போக்குகிறது என்பதை, பிரெஞ்சு ஓர்கன் கலைஞர்களின் மனோதர்ம வாசிப்பை, அதாவது எழுதி வைக்காமல் அந்தக் கணத்திலேயே இசையைக் கட்டி வாசிப்பதைப் பயில விரும்பும் ஒருவரின் பார்வையில் இங்கே மதிப்பிடுகிறேன். ஞாயிறு பூசைக்குப் பாட்டு வாசித்தால் போதும் என்பவருக்கு இது வேண்டாத சுமை.

இதில் எனக்கு நாட்டம் வந்ததற்குக் காரணம் பாரிஸ் நோத்ர டாம் பேராலயம். 2019 ஏப்ரல் 15ஆம் திகதித் தீயில் கூரை எரிந்து வீழ்ந்தபோதும் மேற்கு வாசலுக்கு மேலிருந்த பெரிய ஓர்கனைத் தீ தொடவில்லை. ஆனால் உருகிய ஈயக் கூரையின் தூசி அதன் ஏறத்தாழ 8,000 குழல்களின் மீதும் படிந்தது. 2020 ஓகஸ்ட் மாதம் கழற்றத் தொடங்கி, குழல் குழலாக இறக்கி, பட்டறைகளுக்குக் கொண்டுபோய்த் துப்புரவு செய்து, காற்றுப் பெட்டிகளைச் சீர்ப்படுத்தி, மீண்டும் மேலே ஏற்றிப் பூட்டினார்கள். 2024 டிசம்பர் 7ஆம் திகதி, இங்கே நள்ளிரவை ஒட்டிய வேளையில், பேராயர் அந்த ஓர்கனை நோக்கி விழித்தெழுமாறு எட்டுமுறை அழைத்தார். அந்தப் பேராலயத்தின் நான்கு ஓர்கன் கலைஞர்களும் மாறி மாறி எட்டுமுறையும் மறுமொழி வாசித்தார்கள். எழுதி வைத்த இசை அதில் எதுவும் இல்லை; ஒவ்வொரு மறுமொழியும் அந்தக் கணத்தில் கட்டப்பட்டது.

பிரெஞ்சு நாட்டில் இந்தக் கலை கச்சேரிக்காக வளர்ந்ததன்று, வழிபாட்டின் தேவையிலிருந்து வளர்ந்தது. பாடகர் ஒரு வரியைப் பாட, அடுத்த வரியைப் பாடாமல் ஓர்கன் வாசித்து நிரப்பும் வழக்கம் அங்கே நூற்றாண்டுக் கணக்காக இருந்தது. குருவானவர் பீடத்தில் தூபம் காட்டி முடிக்கும்வரை இசை நீள வேண்டும். அவர் திரும்பிய கணத்தில் அது தானாக முடிந்ததுபோல் முடியவும் வேண்டும். சுவாமி வீதிவலம் வரும்போது அடுத்த தரிப்பிடம் வரும்வரை இராகத்தை விரித்தும் சுருக்கியும் கொண்டுபோகும் நாதஸ்வர வித்துவானுக்கு இந்தப் பொறுப்பை விளக்கத் தேவையில்லை. வேறுபாடு வாத்தியத்தில் இருக்கிறது. நாதஸ்வரக்காரர் தம் மூச்சாலேயே ஒலியை ஏற்றி இறக்குவார். ஓர்கனில் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒலி மாறாது. ஓசை வகை ஒவ்வொன்றுக்கும் ஒரு குழல்வரிசை உண்டு; எந்தக் குழல்வரிசையைத் திறப்பது, எதை மூடுவது, பெட்டிக்குள் அடைத்த குழல்களின் முன்னுள்ள பலகைக் கதவுகளைக் காலால் எவ்வளவு திறப்பது என்பவற்றாலேயே எல்லாம் நடக்க வேண்டும். ஆகவே பிரெஞ்சு மனோதர்மத்தில் பாதி, குழல்வரிசைகளைத் தெரிவு செய்யும் அறிவு. 1868இல் நோத்ர டாம் ஓர்கனைப் புதுக்கி அமைத்த ஓர்கன் கட்டுநர் அரிஸ்தீத் கவாயே-கோல் இத்தகைய ஏற்ற இறக்கத்துக்கு இடங்கொடுக்கும் வகையிலேயே தம் வாத்தியங்களைக் கட்டினார். பார்வை மிகக் குறைந்த லூயி வியேர்ன் 1900 முதல் அங்கே வாசித்தார். 1937 ஜூன் 2ஆம் திகதி ஒரு கச்சேரியில், கொடுக்கப்பட்ட கருப்பொருளின் மீது மனோதர்மமாக வாசிக்கத் தொடங்கும் தறுவாயில், அந்த ஓர்கனின் இருக்கையிலேயே உயிர் நீத்தார். 1955 முதல் 1984 வரை அங்கிருந்த பியேர் கோஷெரோவின் வாசிப்புகள் ஒலிப்பதிவாக மிஞ்சியிருப்பது எங்களுடைய நல்லகாலம்.

கிராண்ட்ஓர்க் மனோதர்மத்தின் இந்தப் பாதியைத்தான் கற்றுத் தருகிறது, அதில் அதற்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். மென்பொருள் தன்னளவில் ஒலியை உருவாக்குவதில்லை. ஏதாவது ஓர் ஆலயத்தின் ஓர்கனில் ஒவ்வொரு குழலையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து வைத்த தொகுப்பு ஒன்றை இறக்கி அதற்குக் கொடுக்க வேண்டும்; அவற்றில் இலவசமானவையும் உண்டு, விலைக்கு வாங்குபவையும் உண்டு. தொகுப்பு ஏறியதும் அந்த ஓர்கனின் முகப்பு திரையில் விரிகிறது. முதலில், அழுத்தும் கட்டையின் சுருதியிலேயே ஒலிக்கும் ‘எட்டடி’ அடிப்படைக் குழல்வரிசை ஒன்றை மட்டும் திறந்து, நடுக் கட்டை ஒன்றை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். குழலின் வாயில் காற்றுப் படும்போது எழும் சிறு ‘சக்’ ஓசை முதலில் வரும், பிறகு ஸ்வரம் நிலைகொள்ளும், விரலை எடுத்தபின் கல்மண்டபத்துக்குள் அது தேய்ந்து மறையும். அடுத்த கட்டையில் அந்தச் ‘சக்’ சற்று வேறு விதம். குறுகத் தட்டிவிட்டு எடுத்தால் ஒருவிதமாகவும் நீளப் பிடித்துவிட்டு எடுத்தால் இன்னொரு விதமாகவும் ஓசை அடங்குவது, நல்ல தொகுப்பில் இரண்டும் தனித்தனியே பதிவு செய்யப்பட்டிருப்பதால். கீபோர்டின் ஒற்றைப் பொத்தானுக்குப் பழகிய காதுக்கு இது பெரிய திறப்பு.

பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது தவக்காலத்தில் எங்கள் பக்கத்தில் இயேசுவின் பாடுகளை ஒப்பாரியாகப் பாடும் பசாம் மெட்டு ஒன்று. அதை மேற்கட்டையில், தகட்டு நாக்கு அதிர்ந்து நடுங்கி ஒலிக்கும் நாக்குக் குழல் ஒன்றில் வைத்து, கீழே மெல்லிய புல்லாங்குழல் வகை வரிசையால் தாங்கி வாசித்தபோது, ஒப்பாரியின் இழுவைக்கு அந்தக் குழல் வியப்புக்குரிய விதத்தில் இசைந்தது. இரண்டாம் சுற்றில் அதே மெட்டைக் காலால் வாசிக்கும் தாழ்ந்த கட்டை வரிசைக்கு நீண்ட ஸ்வரங்களாக இறக்கி, மேலே இரு கைகளாலும் விரைந்த ஸ்வர அடுக்குகளை ஓட்டுவது பிரெஞ்சுக்காரர் பூசை முடிவில் கையாளும் முறை. அதை முயலும்போதுதான் எந்த வரிசையை எப்போது சேர்ப்பது என்ற கேள்வி உண்மையில் எழுகிறது. சேர்க்கைகளை முன்கூட்டியே பதிந்து வைத்து ஒரு பொத்தானில் மாற்றும் வசதி இருப்பதால், மௌஸைத் தேடிக் கை அலையத் தேவையில்லை. வாசித்ததை மென்பொருளுக்குள்ளேயே பதிந்து கேட்கவும் முடியும். மனோதர்மம் பழகுபவருக்கு இதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடைக்க மாட்டார்.

கால்கட்டைகள் இல்லாதது பெரிய குறை என்றாலும் ஓரளவு சமாளிக்கலாம். ஒரே கீபோர்டின் தாழ்ந்த கட்டைகளைக் கால்வரிசைக்கும் மற்றவற்றைக் கைவரிசைக்கும் ஒதுக்குமாறு மென்பொருளில் எல்லை வகுக்கலாம். அப்படி வாசித்தால் இடக்கை முழுவதும் காலின் வேலையைச் செய்யும். வலக்கை ஒன்றால் இரு கைகளின் அடுக்குகளையும் ஓட்ட முடியாது. இன்னொரு பழைய கீபோர்டை, கட்டை அழுத்தங்களைக் கணினிக்குச் சொல்லும் மிடி வயரோடு சேர்த்துக்கொண்டால் நிலைமை தேறும்.

இனி, எனக்கு மனம் ஒப்பாத இடம். நோத்ர டாம் ஓர்கனின் குழல்களைத் துப்புரவு செய்து ஏற்றியதோடு வேலை முடியவில்லை. 2024இல் மாதக் கணக்காக, கட்டட வேலையின் இரைச்சல் ஓய்ந்த இரவுகளில், ஒவ்வொரு குழலையும் ஒலிக்கவிட்டுக் கேட்டு, அதன் வாயையும் நாக்கையும் இம்மியளவு திருத்தி, பக்கத்துக் குழலோடும் அந்த மண்டபத்தோடும் இசைய வைத்தார்கள். ஓர்கனின் குரல் அது நிற்கும் கட்டடத்தின் குரலுமாகும். அங்கே வாசிப்பவர் ஓர் அடுக்கை விட்டுவிட்டு, மண்டபம் திருப்பித் தரும் ஒலியைக் கேட்டபின்பே அடுத்ததை வைப்பார். மனோதர்மத்தின் வேகத்தையே அந்த எதிரொலிதான் தீர்மானிக்கிறது. தொகுப்பில் அந்த மண்டபம் ஒலிப்பதிவு செய்த நாளில் இருந்தபடி உறைந்து கிடக்கிறது. தலையணி ஒலிபெருக்கியில் கேட்கும்வரை இது உறுத்துவதில்லை. தகரக் கூரையும் திறந்த அரைச் சுவரும் கொண்ட எங்கள் பங்குக் கோவிலில், திருவிழாவுக்குப் பிடிக்கும் ஸ்பீக்கர்களில் இதைப் போட்டால், வெளியே உழவு இயந்திரம் போகும் சத்தத்துக்கு நடுவே எங்கோ ஒரு கல்மண்டபம் முழங்குவது செயற்கையாகவே இருக்கிறது. 1872இல் மன்னாரின் மடு மாதா திருத்தலத்தில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிய பொன்ஜீன் ஆண்டகை பிரெஞ்சுக்காரர்தான். ஆயினும் அந்த நாட்டின் கல்மண்டப எதிரொலியை எங்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் கட்டிய கோவில்களுக்குள் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை.

இதற்கு ஒரு மாற்று உண்டு. மண்டப எதிரொலி படாமல் குழலுக்கு மிக அருகில் மைக் வைத்துப் பதிந்த தொகுப்புகளும் கிடைக்கின்றன. தலையணியில் அவை வறண்டு கேட்கும். ஆனால் கோவிலில் ஸ்பீக்கரில் போடும்போது, அங்குள்ள சுவரும் கூரையும் சனமும் தரும் சிறிய எதிரொலியோடு அவை சேர்ந்துகொள்கின்றன. பாடகர் குழுவோடு சேர்த்து வாசிப்பதாக இருந்தால் இவ்வகையையே தேர்ந்தெடுங்கள்; குரலுக்கு ஏற்பச் சுருதியை ஏற்றி இறக்கும் வசதியும் மென்பொருளில் இருக்கிறது.

கணினி பற்றிச் சுருக்கமாக. பெரிய பேராலயத் தொகுப்புகள் பல ஜிபி நினைவகத்தை விழுங்கும்; 8 ஜிபி உள்ள சாதாரண மடிக்கணினியில் சிறிய கோவில் ஓர்கன் ஒன்றோடு நின்றுகொள்வது நல்லது. ஒலியின் தரத்தைச் சற்றுக் குறைத்து ஏற்றும் தெரிவுகளும் உண்டு. கட்டையை அழுத்தியபின் ஒலி தாமதித்து வந்தால், மடிக்கணினியின் உள்ளொலி அட்டையை விட்டுத் தனியான ஓடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றைப் பொருத்த வேண்டியிருக்கும். மென்பொருள் இலவசம் என்றாலும் செலவு இந்த இடத்தில்தான் வருகிறது. தொகுப்புகளைக் கைப்பேசி டேட்டாவில் இறக்க முயல வேண்டாம். பாரிஸில் உறவினர் இருந்தால், ஊருக்கு வரும்போது ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பாரிஸில் எங்கள் சனம் கடை வைத்திருக்கும் லாச்சப்பலில் இருந்து வரும் பெட்டிகளில் அதற்கு எப்போதும் இடமிருக்கும். அமைப்புப் பக்கங்கள் முதற்பார்வையில் மிரட்டும். கீபோர்டை இணைத்து, மென்பொருளோடு வரும் மாதிரி ஓர்கனில் முதலில் எல்லாவற்றையும் பழகிவிட்டுப் பெரிய தொகுப்புக்குப் போவதே வசதி. பூசைக்குக் கொண்டுபோகிறவர்கள் பழைய கீபோர்டையும் பக்கத்தில் ஏற்றியே வைத்திருக்க வேண்டும். கரன்ட் நின்று திரும்பினால் கணினி எழுந்து தொகுப்பு முழுவதும் மறுபடி ஏறுவதற்குள் காணிக்கைப் பாட்டு முடிந்துவிடும்.