லைப்ரரில ஜோடி புத்தக ஷெல்ஃப் - கண்டிப்பா பாருங்க

நான் போற லைப்ரரில பெரியவங்களுக்கான பரிந்துரை ஷெல்ஃப்னு ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு, ஆனா நான் அந்தப் பக்கம் போனதே இல்ல, ஏன்னா எப்பவும் எல்லாரும் பேசுற நாலு பெஸ்ட்செல்லர் தான் இருக்கும், அதுவும் ரிசர்வ் பண்ணா நம்ம முறை வர மாசக்கணக்காகும். கொஞ்ச நாளா அதை மாத்திட்டாங்க. ஒரு நாவல், அதை ஒட்டியே ஒரு நான்ஃபிக்ஷன், இப்படி ஜோடி ஜோடியா வைக்கிறாங்க. என் வாசிப்பையே இது மாத்திடுச்சு, அதான் எழுதணும்னு தோணுச்சு.

யோசிச்சுப் பாருங்க, நான்ஃபிக்ஷன் எல்லாம் டூயி நம்பர்படி (விஷயவாரியா புத்தகத்துக்குக் குடுக்கற எண்) அடுக்குவாங்க, நாவலை எழுத்தாளர் பேர் வரிசைல வைப்பாங்க. நோய் பத்தின புத்தகம் 616ல இருக்கும், அதே வலியைச் சொல்ற நாவல் ஹாலோட இன்னொரு மூலைல இருக்கும். நாமளா தேடினா ரெண்டும் ஒண்ணா கைக்கு வரவே வராது.

நான் முதல்ல எடுத்த ஜோடி, கசுவோ இஷிகுரோவோட நெவர் லெட் மீ கோ (2005), கூடவே ரெபெக்கா ஸ்க்லூட் எழுதின தி இம்மார்ட்டல் லைஃப் ஆஃப் ஹென்ரியட்டா லாக்ஸ் (2010). நாவலுக்குள்ள ஒரு சீட்டு, பென்சில்ல எழுதினது, "மெதுவா தான் தொடங்கும், 50 பக்கம் வரைக்கும் பொறுங்க". நான் 30லயே மூடி வைக்கப் பார்த்தேன், அந்த சீட்டுக்காகத் தான் தொடர்ந்தேன். ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல வளர்ற பிள்ளைங்க கதை, அவ்ளோ தான் சொல்வேன், மீதியை நீங்களே படிங்க. முடிச்சிட்டு ரெண்டு நாள் வேற எதையும் தொட முடியல.

அப்புறம் ஹென்ரியட்டா. 1951ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரில கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு வைத்தியம் பார்க்கும்போது அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எடுத்த செல்கள், ஹீலாங்கற பேர்ல இன்னைக்கும் லேப்ல பெருகிட்டு இருக்கு, போலியோ தடுப்பூசியை சோதிச்சதே அதுல தான். அவங்க அதே வருஷம் 31 வயசுல இறந்துட்டாங்க, குடும்பத்துக்கு விஷயமே 1973ல தான் தெரியுது. மக டெபோரா முதல் தடவையா லேப்ல அந்த செல் இருக்கற குப்பியைக் கைல வாங்கறாங்க, உறைஞ்சு ஜில்லுனு இருக்கு, அம்மாவுக்குக் குளிருதேன்னு நினைச்ச மாதிரி வாயால ஊதி ஊதி சூடு பண்றாங்க. அந்தப் பக்கத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நாவலை முதல்ல படிச்சதால தான் இவ்ளோ ஆழமா இறங்குச்சுன்னு நம்பறேன், நீங்களும் அதே வரிசைல படிங்க.

நேரம் இல்லாதவங்களுக்கு டால்ஸ்டாயோட இவான் இலியீச்சின் மரணம், சின்ன குறுநாவல் தான், சித்தார்த்த முகர்ஜியோட கேன்சர் வரலாறு தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸோட (2011ல புலிட்சர் பரிசு வாங்கினது) சேத்து வச்சிருக்காங்க. முகர்ஜி புத்தகம் தலகாணி சைஸ், ரெண்டு தடவை ரினியூ பண்ணித் தான் முடிச்சேன், ஆனா போர் அடிக்கல.

ஷெல்ஃப் மேல நான்சி பேர்ல்ங்கற நூலகரோட விதியையும் ஒட்டியிருக்காங்க. 50 பக்கம் படிச்சும் பிடிக்கலன்னா தாராளமா விட்டுடலாம், 50 வயசைத் தாண்டிட்டா 100ல இருந்து வயசைக் கழிச்சு வர்ற பக்கம் படிச்சாலே போதும். என்னைக் கேட்டா இதை எல்லா லைப்ரரிலயும் ஒட்டணும், பிடிக்காத புத்தகத்தோட மல்லுக்கட்டியே வாசிப்பை விட்டவங்க எனக்குத் தெரிஞ்சே நிறைய பேர்.

டெஸ்க்ல இருக்கறவங்க கிட்ட பேசினது இன்னும் நல்லா இருந்துச்சு. என்ன வகை வேணும்னு கேக்கல, கடைசியா எந்தப் புத்தகத்தைக் கீழ வைக்க மனசு வரல, ஏன்னு கேட்டாங்க. நான் புத்தகத்துல வர்ற மனுஷங்களைப் பத்திப் பேசுனேன், அதை வச்சே அடுத்த ஜோடி எடுத்துக் குடுத்தாங்க.

குறையும் இருக்கு. ஒரு சீட்டுல கதையோட முடிவையே எழுதிட்டாங்க, அது பெரிய தப்பு. பெரிய எழுத்துப் பதிப்பு ஒண்ணு கூட இல்ல, கண்ணு மங்கினவங்க என்ன பண்ணுவாங்க? முக்கியமா, ஜோடில ஒண்ணை ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டா இன்னொண்ணு தனியா நிக்குது. ரெண்டையும் ஒரே செட்டா குடுங்கன்னு ஆலோசனைப் பெட்டில எழுதிப் போட்டிருக்கேன். உங்க லைப்ரரில இந்த மாதிரி ஷெல்ஃப் இல்லன்னா இந்த ரெண்டு ஜோடியையும் பேர் சொல்லி கேட்டு வாங்குங்க.