‘அலிட்டா’ படத்துக்கு இரண்டாம் பாகம் வேண்டுமா?

வேண்டும். ஆனால் கதை நேராக வானத்தில் தொங்கும் நகரமான ஸாலெமுக்கு ஏறிவிடக் கூடாது.

யுகிட்டோ கிஷிரோவின் மூல மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) 9 தொகுதி. 2019இல் வந்த ‘அலிட்டா: பேட்டில் ஏஞ்சல்’ அதில் முதல் நான்கின் சரக்கை இரண்டு மணி நேரத்தில் திணித்தது. அடிபட்டது காதல்தான். மாங்காவில் காதலன் யூகோ (படத்தில் ஹியூகோ) இறந்த துக்கத்தை மறக்கவே, சைபோர்க் பெண்ணான அலிட்டா மோட்டார்பால் என்ற மூர்க்கமான பந்தய விளையாட்டுக்குள் போகிறாள். படத்தில் பந்தயம் முதலிலேயே வந்துவிடுகிறது. அதனால் ஹியூகோ ஸாலெமுக்குப் போகும் குழாயில் ஏறி, முள்வளையம் அவனைச் சீவித்தள்ளி, அவள் பிடித்த கை பிய்ந்து விழும்போது நமக்கு அதிர்ச்சி இருக்கிறது, கனம் இல்லை.

அலிட்டாவைக் கணினியில் உருவாக்கிய வேட்டா நிறுவனத்தின் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆரஞ்சைத் தோலோடு கடித்துவிட்டு முகம் சுளிக்கிறாளே, அந்த ஒரு ஷாட் போதும், பெரிய கண்ணெல்லாம் மறந்துபோகும்.

அடுத்த பாகத்துக்குச் சரியான கதை ஜஷூகன். முதல் படத்தில் எட்டிப்பார்த்த மோட்டார்பால் சாம்பியன் அவர். ஸாலெமில் இருந்து ஆட்டுவிக்கும் நோவாவையும் கண்ணாடி கழற்றி ஏளனமாகச் சிரிக்கும் வில்லனாக விட்டுவிடாமல், மாங்காவில் வரும் புட்டிங் தின்னும் கிறுக்கு விஞ்ஞானியாக்க வேண்டும்.

தடை பணம். செலவு சுமார் 17 கோடி டாலர், உலக வசூல் 40 கோடி. தியேட்டர் பங்கு கழித்தால் மிச்சம் சொற்பம். போதாததற்கு, படம் வந்த அடுத்த மாதமே அதை வெளியிட்ட ஃபாக்ஸ் நிறுவனம் டிஸ்னி கைக்குப் போய்விட்டது.