கிருஷ்ணகிரியில் வீட்டை வாடகைக்கு விட்ட அனுபவம்

இந்த முறை ஊருக்கு வந்ததில் பாதி நேரம் கீழ் வீட்டை வாடகைக்கு விடுவதிலேயே போய்விட்டது. வீடு அம்மா பெயரில் இருக்கிறது. குடிவருபவர்கள் ஓசூரில் வேலை பார்க்கும் இளம் தம்பதி.

"பதினோரு மாசத்துக்குப் பத்திரத்துல எழுதிக்கோங்க, பதிவெல்லாம் எதுக்கு?" என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். ஒரு வருடத்துக்குக் குறைவான ஒப்பந்தத்தைப் பதிய வேண்டாம் என்ற அந்தப் பதினோரு மாதக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இதற்கு அரசு இணையதளமே இருக்கிறது.

பிரவுசிங் சென்டரில் இருந்த தம்பி பொறுமைசாலி. அம்மாவின் ஆதாரில் இனிஷியல் முன்னால், வீட்டுப் பத்திரத்தில் பின்னால். ஒப்பந்தத்தில் இரண்டையும் குறிப்பிட்டு எழுதி வாங்கிவரச் சொன்னார். அப்புறம் இரு தரப்பு ஆதார், பான், போட்டோ எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினார். வெளியூரில் இருப்பவர்கள் பெயர்ப் பொருத்தத்தை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

அட்வான்ஸ் விஷயத்தில்தான் வீட்டில் வாக்குவாதம். பெங்களூர் பக்கம் என்பதால் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது இங்கே சகஜம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டத்தின் பொது விதி. இப்போதுதான் குடித்தனம் தொடங்கும் பிள்ளைகளிடம் பத்து மாதப் பணத்தைப் பிடித்து வைப்பது நியாயமே இல்லை. கடைசியில் அம்மாவும் மூன்றுக்குச் சம்மதித்தார்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில், வாடகை தாமதமானதால் உரிமையாளர் மோட்டார் சுவிட்ச் இருக்கும் அறையைப் பூட்டிவிட்டார். கைக்குழந்தையோடு அந்தப் பெண் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்க்க மனசு ஆறவில்லை. பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரத்தை நிறுத்த உரிமையாளருக்கு உரிமை கிடையாது. வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வீடு உங்கள் பெயரில் இருந்து நீங்கள் வெளிநாட்டில் குடியிருந்தால் இன்னொன்றும் உண்டு: குடியிருப்பவர் வாடகையில் வரி பிடித்துத்தான் தர வேண்டும், செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31.2 சதவீதம். வாடகை பேசும்போதே இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.