வெளிநாட்டுத் தயாரிப்பாளர் மேல் மட்டும் வழக்குப் போடாதீர்கள்: என் கை போன கதை

மடக்கு ஏணியின் நான்காவது படியில் நின்றிருந்தேன். கீலில் இருக்கும் பூட்டு திடீரென்று கழன்றது. வலது மணிக்கட்டு நொறுங்கி, பிளேட் வைத்து ஆறு ஸ்க்ரூ போட்டார்கள். இன்றும் பாட்டில் மூடியை அந்தக் கையால் திருக முடியாது. ஏணி வெளிநாட்டில் செய்தது. நஷ்டஈடாக எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இதே நிலைமையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே விற்றவர்கள் போன் செய்தார்கள். "ஏணியைக் கொடுத்தனுப்புங்க, கம்பெனியில் சோதிச்சுட்டுச் சொல்றோம்" என்றார்கள். அவ்வளவு பணிவாகக் கேட்டதால் வீட்டில் கொடுத்துவிட்டார்கள், ரசீதுகூட வாங்கவில்லை. பூட்டுக்குள் இருக்கும் பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்ததை விழுந்து கிடந்தபோதே நான் பார்த்தேன். அது வார்ப்பிலேயே வந்த குறையா, நான் தப்பாக மாட்டியதா என்று ஒரு பொறியாளர் பார்த்துச் சொல்லியிருக்கலாம். மூன்று வாரம் கழித்துக் கேட்டால், பழைய இரும்போடு போய்விட்டதாம்.

அடுத்தது வக்கீல். "பணம் தயாரிப்பாளரிடம்தான் இருக்கு, அவங்களை மட்டும் இழுப்போம்" என்றார். நானும் நம்பினேன். பெட்டியில் இருந்த முகவரிக்கு கூரியரில் நோட்டீஸ் போனது. மாதங்கள் ஓடின. ஒருவழியாக ஆஜரான கம்பெனி, ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சம்மன் முறைப்படி வரவில்லை, இந்த நீதிமன்றத்துக்கு எங்கள் மேல் அதிகாரமே இல்லை என்ற இரண்டை மட்டும் சொன்னது. வழக்கு அதோடு விழுந்தது.

அப்புறம்தான் நானே படிக்க ஆரம்பித்தேன். ஒரு நாட்டு நீதிமன்றக் காகிதத்தை இன்னொரு நாட்டில் கொடுப்பதற்கு 1965இல் போட்ட ஹேக் ஒப்பந்தம் இருக்கிறது. அதில் சேர்ந்த சீனா, ஜெர்மனி, இந்தியா போன்ற நாடுகள், தபாலில் நேரடியாக அனுப்புவதை ஏற்க மாட்டோம் என்று சொல்லியிருக்கின்றன. அந்த நாட்டின் மத்திய அதிகார அமைப்பு வழியாக, பெரும்பாலும் மொழிபெயர்ப்போடு போக வேண்டும். இதைத் தவறவிட்டால் வழக்கில் ஜெயித்தாலும் சிக்கல்தான். தீர்ப்பை அங்கே நிறைவேற்றக் கேட்கும்போது, சம்மன் ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்பது அவர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

அதிகார வரம்பு, அதாவது எந்த நீதிமன்றம் யாரை விசாரிக்கலாம் என்பது, இன்னும் பெரிய சுவர். அமெரிக்காவில் நியூஜெர்சியில் 2001இல் நிகாஸ்ட்ரோ என்பவருக்கு இங்கிலாந்தில் செய்த உலோகம் வெட்டும் இயந்திரத்தில் நான்கு விரல்கள் போயின. கம்பெனி வேறொரு மாநிலத்து விநியோகஸ்தர் மூலம்தான் விற்றது, நியூஜெர்சியைக் குறிவைத்து எதுவும் செய்யவில்லை என்று பார்த்து, அந்த மாநில நீதிமன்றம் விசாரிக்க முடியாது என 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விநியோகஸ்தரும் அதற்குள் திவாலாகியிருந்தார். பத்து வருடம் போராடிய மனிதருக்கு இந்தப் பதில். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் வழி இருக்கிறது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் என் கோபம். ஐரோப்பாவில் 1985இல் போட்ட விதியே, பொருளை உள்ளே கொண்டுவந்த இறக்குமதியாளரைத் தயாரிப்பாளராகப் பார்க்கிறது. இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டால் விற்றவரே பொறுப்பாகலாம் என்கிறது. என் ஏணியின் ஸ்டிக்கரிலும் இறக்குமதியாளர் பெயர் சின்ன எழுத்தில் இருந்தது. அவர் இதே நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறார். இரண்டாவது வக்கீல் அதைக் காட்டியபோது காலக்கெடு முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இந்தக் கெடு நாட்டுக்கு நாடு மாறும். இந்திய நுகர்வோர் சட்டத்தில் 2 ஆண்டு, அந்த ஐரோப்பிய விதியில் விஷயம் தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு.

நீங்கள் இப்போது கட்டுப்போட்டுப் படுத்திருந்தால், வீட்டில் ஒருவரை இன்றே அந்தப் பொருளைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கர், பெட்டி, பில் எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். சோதனைக்கு என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். வக்கீலிடம் கையெழுத்துப் போடும் முன், பிரதிவாதிகள் பட்டியலில் இறக்குமதியாளரும் விற்றவரும் இருக்கிறார்களா, வெளிநாட்டுக்கு சம்மன் எந்த வழியில் போகும் என்று கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு வக்கீலைப் பாருங்கள்.